சைலன்சர் மாற்றும்போது சென்சாரைக் கவனியுங்கள்

அரிசி, பருப்பு விலை பற்றி எழுத வேண்டிய இடத்தில் சைலன்சரைப் பற்றி எழுதுகிறோமே என்று யாரும் எண்ண வேண்டாம். மாட்டுவண்டியில் சரக்கு வந்த காலம் போய்விட்டது. இன்று நம்மில் பலருடைய கடை வாசலில் ஒரு மாருதி ஈகோவோ சிறிய சரக்கு வண்டியோ நிற்கிறது. அந்த வண்டி குடிக்கும் பெட்ரோல் நம் கல்லாவிலிருந்துதான் போகிறது. ஆகவே இதுவும் வியாபார விஷயம்தான்.

கடையத்திலிருந்து பாவூர்சத்திரம் சந்தைக்கும் தென்காசிக்கும் தினம் போய்வரும் நமது ஈகோவில் சைலன்சர் அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. கம்பெனி சாமானின் விலையைக் கேட்டதும் மலைத்துப்போய், வெளியில் செய்த சைலன்சர் ஒன்றை வாங்கி, தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் மாட்டச் சொன்னோம். மாட்டிய பையன் நல்ல பையன், வேலையும் சுத்தம். ஆனால் குழாயில் ஒரு சென்சாருக்கு மட்டுமே துளை இருந்தது. "அண்ணாச்சி, இன்னொரு ஒயரு சும்மா தொங்குது. கட்டி விட்டுருதேன், வண்டி ஓடும்லா" என்றான். வண்டி ஓடத்தான் செய்தது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது பதினொன்றுக்கு இறங்கியது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. இரண்டு மாதம் பெட்ரோல் பங்கின் மீது சந்தேகப்பட்டோம், டிரைவர் மீதும் சந்தேகப்பட்டோம். இரண்டுமே தவறு.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த எடை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. புகைக்குழாயில் திருகியிருக்கும் இதன் முனையில் சிர்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. அதன் உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனையும் ஒப்பிட்டு, ஒரு சிறு மின்னழுத்தத்தை அது உண்டாக்கும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று கூடினால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது சரியாகப் பேசும். சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகவே உள்ளே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால் இது ஒரு கணக்குப்பிள்ளை. என்ஜினில் உள்ள கம்ப்யூட்டர் முதலாளி. கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துத்தான் முதலாளி அடுத்த படி பெட்ரோலை அளந்து விடுகிறார். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் புகை சுத்திகரிப்பானுக்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளை, அதற்குப் பின்னால் இன்னொருவர். முன்னவர் பெட்ரோல் கணக்கு. பின்னவர் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் தணிக்கையாளர்.

இந்தச் சென்சார் 1976இல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது. செய்தவர்கள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் அங்கு வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, கடைப்பையன் ஓட்டும் ஸ்கூட்டர், மொபெட்டிலும் பெரும்பாலும் இந்தச் சென்சார் இருக்கிறது. ஆகவே "நம்மிடம் கார் இல்லையே" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

நமது வண்டியில் நடந்தது என்ன? வேறொரு மெக்கானிக் சிறிய கருவி ஒன்றை மாட்டிப் பார்த்துச் சொன்னார். புதுச் சைலன்சரில் கன்வெர்ட்டரே கிடையாது, வெறும் குழாய். பின் சென்சார் கம்பியில் கட்டித் தொங்குகிறது. இவை இரண்டும் விளக்கெரியக் காரணம். மைலேஜ் விழுந்ததற்குக் காரணம் வேறு. முன் சென்சாருக்குச் சற்று முன்னால் உள்ள இணைப்பில் பழைய கேஸ்கட்டையே போட்டிருந்தார்கள். அங்கே மயிரிழை அளவு கசிவு.

புகை வெளியேதானே போகிறது, கசிந்தால் என்ன என்றுதான் நாமும் கேட்டோம். புகை ஒரே சீராக வருவதில்லையாம். விட்டுவிட்டு அடித்து வருகிறது. இரண்டு அடிகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் குறையும்போது, அந்தக் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றையும் சேர்த்து எண்ணிய கணக்குப்பிள்ளை, "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று சீட்டு எழுதுகிறார். முதலாளி நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறார். கணக்குப்பிள்ளை நாணயஸ்தர்தான், கிட்டங்கிக் கதவு திறந்து கிடந்ததுதான் கோளாறு. கன்வெர்ட்டர் உள்ள வண்டியாக இருந்தால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். அதன் விலை சென்சாரைப் போல் பல மடங்கு.

இனி, சைலன்சர் மாற்ற வண்டியை விடும்போது பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதலில் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். சென்சாரின் பிளக்கைக் கழற்றிய பிறகே சென்சாரைத் திருக வேண்டும்; ஒயரோடு சேர்த்துத் திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும். குழாய் ஆறிச் சில்லென்று இருக்கும்போது மரை இறுகிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தடவி, இளஞ்சூட்டில் கழற்றுவது சுலபம். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். ஒயர் நுழைய ஒரு பக்கம் பிளந்த ஸ்பானர் தனியாகக் கிடைக்கிறது.

கழற்றியதைத் தரையில் வீசக் கூடாது. பார்க்க இரும்புப் போல்ட் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது பீங்கான். கீழே விழுந்ததை நம்பி மாட்டவும் கூடாது. முனையில் எண்ணெய்க் கை படக் கூடாது. பெட்ரோலில் கழுவுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். இறுகாமல் இருக்கத் தடவும் பசையை மரையில் மட்டும் லேசாகத் தடவ வேண்டும். புதுச் சென்சாரில் அதை அவர்களே தடவி அனுப்புவதுண்டு, மறுபடி அப்ப வேண்டியதில்லை. குழாயில் வெல்டிங் இருந்தால் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இணைப்புக்குப் புதுக் கேஸ்கட் போடுங்கள். அதன் விலையைப் பார்த்துத்தான் நாம் கெட்டோம். கேஸ்கட்டுக்குப் பதில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை அப்பினால், அதன் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும்.

புதுக் குழாயில் சென்சாருக்கான துளை எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். என்ஜினை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்தால் சூடு போதாது, செய்தியும் தாமதமாக வரும். துளை கீழ்நோக்கி இருந்தால் குழாயில் ஊறும் தண்ணீர் முனையில் தேங்கி, சூட்டில் பீங்கான் வெடிக்கும். படுக்கை மட்டத்திலிருந்து பத்து டிகிரியாவது மேல்நோக்கி இருக்க வேண்டும். குற்றாலச் சாரல் நாட்களில் இது நம் பகுதிக்கு ரொம்பவும் பொருந்தும். ஒயர் எட்டவில்லை என்று வெட்டி ஈயம் வைத்து ஒட்டுவதும் தவறு. பல சென்சார்கள் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை அந்த ஒயரின் வழியாகத்தான் உறிஞ்சுகின்றன.

மாட்டி முடித்ததும், குழாய் சூடேறும் முன்பே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டு என்ஜினை ஓட்டிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

கன்வெர்ட்டர் இல்லாத வெறும் குழாயைப் பொருத்துவது சட்டத்துக்கும் விரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியின்றி வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பின் சென்சாரை ஏமாற்ற ஒரு நீட்டுக்குழல் விற்கிறார்கள். விளக்கு அணையும், புகை சுத்தமாகாது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய சைலன்சரைக் கடைக்காரரிடம் சும்மா விட்டுவிடாதீர்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. 2021ஐ ஒட்டிக் குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளில் இதற்காகவே ஈகோ வண்டிகளின் சைலன்சரை இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாமோ பழைய இரும்பு விலைக்குக்கூடப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தோம். கடைசியில் கன்வெர்ட்டரோடு கூடிய கம்பெனி சைலன்சரையே வாங்கிப் பொருத்த வேண்டியதாயிற்று. தொங்கிய சென்சார் தப்பிப் பிழைத்திருந்தது. வண்டி இப்போது மீண்டும் பதினைந்து கொடுக்கிறது. டிரைவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டோம்.