மாநிலத்தை ஆண்ட சுபேதார்

சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் கிளைவ் ஸ்திரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, டல்ஹௌசி லேன் ஆகிய பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்போம். மூன்றும் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தை வளர்த்தவர்களின் பெயர்கள். அந்த ஆதிக்கம் வளர வளர, மதிப்பு இறங்கிப்போன பட்டம் ஒன்று உண்டு. அது சுபேதார்.

முகலாயப் பேரரசர் அக்பர் 1580ல் தம் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்தார். மாநிலத்துக்கு ‘சுபா’ என்று பெயர். அதன் ஆளுநர் சுபேதார். பாரசீக மொழியில் ‘தார்’ என்றால் வைத்திருப்பவர். ஜமேதார், ஹவில்தார், தாசில்தார் ஆகியவற்றில் வருவதும் அதே ‘தார்’தான். உஸ்மானியத் துருக்கியப் பேரரசில் மாநில ஆளுநரை ‘பெய்லர்பே’ என்றனர். ‘பேக்களுக்கெல்லாம் பே’ என்பது பொருள். நமக்குப் பழக்கமான ‘பேகம்’ என்பதும் இந்தத் துருக்கியச் சொல்லோடு உறவுடையது.

சுபேதாரிடம் படை இருந்தது, வரிப்பணம் இல்லை. அதைக் கவனித்தவர் திவான். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் ஆளுநர் தனி அரசராகிவிடக்கூடும் என்பதால் செய்த ஏற்பாடு அது. 1707ல் ஔரங்கசீப் இறந்தபின் நடந்ததும் அதுதான். தக்காண சுபேதாரான நிஜாம் 1724ல் ஐதராபாத் அரசுக்கு அடித்தளமிட்டார்.

1765ல் வங்காளத்தின் திவான் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவர் கிளைவ். வரிப்பணம் கம்பெனியிடம் போனது. அதன் படையிலோ சுபேதார் என்பவர் ஒரு சிப்பாய்ப் பிரிவின் இந்திய அதிகாரி மட்டுமே. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், புதிதாக வந்த இளம் ஆங்கிலேய அதிகாரிக்கும் அவர் கீழ்தான்.

இந்தப் பட்டத்துக்குச் சிங்கப்பூரிலும் ஒரு துயர வரலாறு உண்டு. 1915 பிப்ரவரி 15ல் அலெக்சாண்ட்ரா முகாமில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். உஸ்மானியத் துருக்கியரோடு போரிட அனுப்பிவிடுவார்கள் என்ற வதந்தி அதற்கு ஒரு காரணம். மரண தண்டனை பெற்றவர்களில் சுபேதார் துண்டே கானும் ஜமேதார் சிஸ்தி கானும் அடங்குவர். அவுட்ரம் சிறைச்சாலையில் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கிராஞ்சி போர் நினைவிடச் சுவர்களில் இரண்டாம் உலகப் போரில் மாண்டு, கல்லறைகூட இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அவர்களில் இந்திய வீரர்களும் பலர். பள்ளிச் சுற்றுலாவில் அங்கு செல்லும் மாணவர்கள், பெயர்களோடு பதவிகளையும் சேர்த்துப் படிக்கலாம். அக்பர் காலத்துச் சொற்கள் அங்கே கண்ணில் படும்.