முன் போர்க்கில் ஓயில் கசிகிறதா?

வட்டகொடை, தலவாக்கலைப் பகுதிகளில் தோட்ட லயங்களுக்குச் சாமான் கொண்டு செல்லும் வியாபாரிகள் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் லொறி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, மோட்டார் சைக்கிளுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே எம்மில் பலர் இன்னும் பழைய சைக்கிளையே நம்பியிருக்கிறோம்.

முன் ஷொக் என்று பலரும் சொல்லும் போர்க்கின் ஓயில் சீல் ஒரு சிறிய இறப்பர் வளையம். மழையும் சேறும் அதை விரைவில் கெடுத்துவிடும். கசியும் ஓயில் பிரேக்கில் பட்டால், சரக்குடன் இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காது. பொருளை விட உயிர் பெரியது.

முதலில் பார்க்க வேண்டியது

தூசு மூடியைக் கிளப்பி, பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய மெல்லிய துண்டை சீலுக்கும் குழாய்க்கும் இடையில் விட்டுச் சுற்றி இழுங்கள். சிக்கிய சேறு வெளியேறும். சில வேளை கசிவு இதிலேயே நின்றுவிடும்.

பிறகு பளபளப்பான குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருக் குழியில் நகம் தட்டினால் புதிய சீலும் நிலைக்காது. குழாயையே மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை

என்ஜினுக்கு அடியில் பலமான பலகைப் பெட்டி வைத்து முன்சில்லை உயர்த்துங்கள். போர்க்கைப் பிடித்திருக்கும் மேல் போல்ட்டைத் தளர்த்தி, உச்சி மூடியைச் சற்று இளக்கிய பின் சில்லையும் போர்க்கையும் கழற்றுங்கள். ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே போர்க்கை ஒருவர் அழுத்த, மற்றவர் அலன் சாவியால் அடி போல்ட்டை இளக்கட்டும். உள் தண்டு சேர்ந்து சுற்றினால், விளக்குமாற்றுக் கட்டையின் நுனியைச் சீவி மேலிருந்து அழுத்திப் பிடிக்கலாம். உச்சி மூடி ஸ்பிரிங் விசையில் தெறிக்கும். முகத்தை விலக்கிக்கொண்டு துணியால் அழுத்தித் திறவுங்கள்.

ஓயிலை வடித்து, குழாயை உருவி, கம்பி வளையத்தை நீக்குங்கள். விளிம்பில் துணி வைத்து, டயர் கழற்றும் நெம்புகோலால் பழைய சீலைக் கிளப்புங்கள். புதிய சீலுக்கு ஓயில் தடவுங்கள். குழாய் முனைக்குப் பொலித்தீன் பை சுற்றினால் சீலின் உதடு கிழியாது. பழைய சீலை மேலே வைத்து, அளவான பீ.வி.சி. குழாயால் சமமாகத் தட்டி இறக்குங்கள். கம்பி வளையம் காடியில் முழுதாக உட்கார வேண்டும்.

ஓயிலின் வகையும் அளவும் கையேட்டில் உள்ளபடி, இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். அளக்கக் கோடிட்ட பழைய பால் போத்தல் போதும். சீலையும் இரண்டு பக்கமும் மாற்றுவதே இலாபம்.

இதில் சிக்கனம் வேண்டாம்

ஓயில் ஊறிய பிரேக் பேட்டையோ ஷூவையோ கழுவிப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். தலைகீழ் வகைப் போர்க்கை கராஜிடம் விடுங்கள். பழைய ஓயிலை ஓடையில் ஊற்றாதீர்கள்.

அஸருக்குப் பின் தொடங்கினால் இருட்டில் அவசரம் வரும், காலையிலேயே தொடங்குங்கள். முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கி, சமதரையில் பிரேக்கைச் சோதித்த பின்னரே சரக்கை ஏற்றுங்கள்.