ஊருக்கு வந்தாச்சு, நேரம் வந்துச்சா?

"வேலையை விடாமலே விவசாயம் பண்ண முடியுமா?" கொரோனாவுக்குப் பிறகு பயிற்சிகளுக்கு வரும் இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் கணினி வேலைக்காரர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சென்னை, பெங்களூரு அறைகளைக் காலி செய்துவிட்டு, மடிக்கணினியோடு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சொந்த ஊர்களுக்கு வந்தவர்கள். அப்பாவின் தென்னந்தோப்பும் தாத்தா காலத்துக் கண்மாய்ப் பாசன வயலும் அப்போதுதான் கண்ணில் பட்டன. நஞ்சில்லாமல் செய்து பார்ப்போமே என்ற ஆசையும் கூடவே வந்தது. நல்ல ஆசைதான்.

பிறகு கம்பெனிகள் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தன. 2025க்குள் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லிவிட்டது. வேறு பல கம்பெனிகள் வாரம் மூன்று நாள் என்றன. ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு வாரம் மூணு நாள் சென்னைக்குப் போய்வர யாரால் முடியும்? வெள்ளி இரவு பொதிகை ரயிலில் ஏறி, சனிக்கிழமை விடியும்போது இறங்கி, ஞாயிறு மாலை திரும்ப ரயிலேறும் வார இறுதி உழவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உள்ளவருக்குச் சிக்கல் இல்லையே என்று தோன்றும். ஆனால் வீட்டில் இருப்பது வேறு, வயலில் இருப்பது வேறு. கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. அந்த ஷிப்ட் முடிய நள்ளிரவு தாண்டி மூன்று மணிகூட ஆகும். அப்புறம் படுத்தவர் எழும்போது வெயில் ஏறியிருக்கும். பால் கறந்து சங்கத்துக்குக் கொடுத்து முடித்திருப்பார்கள், களையெடுக்க வந்தவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். (மலையடிவாரத் தோப்புக்காரர்கள் பன்றிக் காவலுக்கு விழித்திருக்கும் நேரத்தில் இவரும் விழித்துத்தான் இருக்கிறார், ஆனால் காதில் ஹெட்போன்!) லண்டன் நேரத்துக்கு வேலை பார்ப்பவர் கொடுத்துவைத்தவர். அங்கே காலை 9 என்றால் இங்கே பகல் 1.30 அல்லது 2.30, காலைப் பொழுது முழுவதும் கையில் இருக்கும். விவசாயம் செய்ய நினைக்கிறவர் வேலை மாறும்போது சம்பளத்துக்கு முன்னால் ஷிப்டைக் கேட்க வேண்டும் என்பேன்.

இது இயற்கை உழவருக்குத்தான் பெரிய விஷயம். ரசாயன விவசாயத்தில் ஆள் இல்லாத குறையைக் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் ஓரளவு மூடிவிடும். நம்முடைய முறையில் மருந்துக்குப் பதிலாக நாம் போடுவது கண்ணும் காலும்தான். 2018இல் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். குவியலாக இட்ட முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். இலையில் முட்டையைப் பார்த்து விரலால் நசுக்கவோ, குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கவோ கிடைப்பது சில நாட்கள்தான். குருத்துக்குள் இறங்கிவிட்டால் கரைசல் எட்டாது. அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம் என்றால் அது புழு தின்ற சனிக்கிழமைதான். பஞ்சகவ்யாவைக் காலையும் மாலையும் கலக்கணும். மீட்டிங்கில் இருக்கும்போது அதை யார் கலக்குவது?

மோட்டாரைக் கைப்பேசியிலேயே போடலாம், அணைக்கலாம். அந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுத்திருக்கிறது. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வரும் ஊர்களில் அது பெரிய உதவி, பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு ஓட வேண்டியதில்லை. ஆனால் கருவி மோட்டாரைத்தான் போடும். மடை உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போனால் மண்வெட்டியோடு ஒருவர் நிற்கணும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மா. இல்லையென்றால் மனைவி, அல்லது எழுபது வயது அப்பா. ஜப்பானில் 1960களில் ஆண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனபோது அங்கே மிஞ்சிய உழவுக்கு 'மூன்று சான் விவசாயம்' என்று பெயர் வைத்தார்கள். தாத்தா, பாட்டி, அம்மா மூவரையும் அன்பாகக் கூப்பிடும் ஜப்பானியச் சொற்கள் 'சான்' என்றே முடியும். நிலம் மகனுடையது, நேரம் அந்த மூவருடையது. நம் ஊரிலும் மகன் 'நான் இயற்கை விவசாயம் பண்றேன்' என்று சொல்லும்போது, பண்ணுகிற ஆளுக்குச் சமையலும் மாடும் ஏற்கெனவே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதற்கு மேல்தான் பஞ்சகவ்யா கலக்குவதும் மடை பார்ப்பதும்.

அப்படியென்றால் வேண்டாமா? வேண்டும், அளவோடு. அதே ஜப்பானில் 1990களில் நவோகி ஷியோமி என்பவர் 'பாதி உழவு, பாதி தனக்குப் பிடித்த தொழில்' என்ற யோசனையை முன்வைத்தார். அதில் உழவு என்பது சந்தைக்கான பெரிய பண்ணை அல்ல, குடும்பச் சாப்பாட்டுக்கான சிறு நிலம். கையில் ஐந்து ஏக்கர் இருக்கிறதென்று ஐந்திலும் மக்காச்சோளம் போடாமல், காலை இரண்டு மணி நேரத்தில் நடந்து பார்த்து முடிக்கிற இருபது முப்பது சென்டில் கீரையும் காயும் போடுங்கள். மீதியில் உளுந்து, எள், மரம்.

மரம் என்றவுடன் ஒன்று சொல்லணும். மாமரம் வைத்துவிட்டால் ஆளே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. யோகோஹாமாவில் பயிர்ச் சோதனை அலுவலக வேலையை விட்டு ஊர் திரும்பிய ஃபுகோகா, அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டார். மரங்கள் பட்டுப்போயின. சும்மா விடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவரே பிறகு எழுதினார். ராஜபாளையத்துச் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும்கூட முதல் சில வருடம் தண்ணீரும் மூடாக்கும் வேலியும் வேண்டும். மலையை ஒட்டிய தோப்பென்றால் காய்க்கும் காலத்தில் யானைக்கும் ஆள் வேண்டும்.

நிரந்தரமாக ஒரு ஆள் வைக்க முடிந்தால் வையுங்கள், மடிக்கணினிச் சம்பளம் அதற்கு உதவும். ஆனால் அந்தச் செலவை வயல் கணக்கில் எழுதுங்கள். அம்மா பார்த்த வேலையையும் அன்றைய கூலி போட்டு அதே நோட்டில் எழுதுங்கள். இந்த இரண்டையும் எழுதாமல் 'ஏக்கருக்கு இவ்வளவு லாபம்' என்று கூட்டத்தில் சொன்னால், அதைக் கேட்டு இன்னொருவர் வேலையை விட்டுவிடுவார்.