கூடிப் பேசும் இடம் யாருடையது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைச் சூறையாடிச் சென்ற பின், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமங்களின் மக்கள் உறவினரைத் தேடி முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்த நாட்களில், கொழும்பிலே மென்பொருள் வல்லுநர் சிலர் ஒன்றுகூடி, காணாமற்போனோரின் பெயர்ப்பதிவு, முகாம்களின் விவரம், உதவி ஸ்தாபனங்களின் பட்டியல், தேவைகளின் கணக்கு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் ‘சஹானா’ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த அம்முயற்சி, திறமூல முறையில் உலகத்தார் யாவருக்கும் வழங்கப்பட்டு, 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும் 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்தின் போதும் பயன்பட்டதோடு, சமூக நன்மைக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்கு உரியதாகப் பெற்றுக்கொண்டது.

பல தேசங்களிலிருந்த தொண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே இத்தகைய காரியத்தைச் செய்வதற்குத் துணைநின்ற சாதனங்களுள் ஒன்று, ஃபிரீநோட் என்ற வலையமைப்பில் அவர்கள் வைத்திருந்த எழுத்துரையாடல் அறை. இன்று மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள மண்டூரில் இருந்தபடியே கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் உள்ள தோழர்களோடு மென்பொருள் எழுதும் இளைஞருக்கும், கடல் கடந்து வாழும் பழைய மாணவரை ஒரு குடைக்கீழ்ச் சேர்க்க விரும்பும் சங்கத்தாருக்கும் முதலில் எழும் கேள்வி, எந்தச் செயலியில் கூடுவது என்பதேயாகும். எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஏற்கெனவே இருப்பது எதுவோ அதுவே போதும் என்று அக்கேள்வியை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம். பல வருஷங்களுக்கு நிலைத்திருக்க வேண்டிய சமூகத்துக்கு அந்த ஒரு நிமிஷ யோசனை போதாது.

நினைவில்லாத அறை

ஃபிரீநோட் அறைகள் இயங்கிய, ஐ.ஆர்.சி. எனப்படும் பழைய முறையை 1988ஆம் ஆண்டு பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் என்பவர் ஆக்கினார். அதன் அமைப்பு மிக எளிமையானது. ஒருவர் எழுதும் வரியை, அந்நேரம் அதே அறையில் இணைந்திருக்கும் ஏனையோருக்கு, வழங்கி என்னும் மையக் கணினி உடனே எடுத்துச் சொல்லும். சொன்ன பின் அதை நினைவில் வைத்திராது. மாரிமழையில் மின்சாரம் தடைப்பட்டு அரை மணி நேரம் தொடர்பறுந்தவருக்கு, அந்த அரை மணி நேரத்துச் சம்பாஷணை, வேறெவரேனும் பிரதி எடுத்து வைத்திருந்தாலன்றி, நடவாததற்குச் சமானம்.

தமிழில் எழுதுவோருக்கு அதில் வேறொரு நெருக்கடியும் உண்டு. செய்தியொன்று 512 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் விதி. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழிலோ, இணையத்தில் பெருவழக்காயுள்ள யூ.ரி.எப். 8 குறிமுறைப்படி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘மண்டூர்’ என்ற நான்கெழுத்துப் பெயர், ம, ண, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு குறியீடுகளாகப் பிரிந்து 21 பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறே பைட்டுகள். அறையின் பெயரும் அனுப்புபவரின் பெயரும் அதே அளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், 170 குறியீடுகளை எட்டுமுன்பே தமிழ் வாக்கியம் துண்டாகிவிடும்.

இத்தனை குறைகள் இருந்தும், அம்முறைக்கு ஓர் அரிய பலம் உண்டென்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. ஃபிரீநோட்டின் ஆதிக்கம் பற்றி எழுந்த தகராறினால், அதை நெடுங்காலம் பராமரித்து வந்த தொண்டர்கள் அவ்வருஷம் மே 19ஆம் திகதி கூட்டாக விலகி, லிபேரா சட் என்ற புதிய வலையமைப்பை ஆரம்பித்தார்கள். விக்கிமீடியா, உபுண்டு முதலிய சமூகங்கள் அங்கே குடிபெயர்ந்தன. அடுத்த மாதமே பழைய வலையமைப்பில் பதிவாகியிருந்த பெயர்களும் அறைகளும் ஒரேயடியாக நீக்கப்பட்டன. ஆயினும் ஐ.ஆர்.சி. எவருடைய தனியுடைமையும் அல்லாத திறந்த நெறிமுறையாதலால், குடிபெயர்ந்தோர் தங்கள் பழைய செயலியிலேயே முகவரியை மாற்றிக்கொண்டு பேச்சைத் தொடர முடிந்தது.

ஏட்டை வைத்திருப்பவர்

2014ஆம் ஆண்டு பொதுப் பாவனைக்கு வந்த ஸ்லாக் என்னும் உரையாடற் செயலி, ஐ.ஆர்.சி.யின் நினைவில்லாமை என்னும் குறையை நீக்கி, பழைய பேச்சைத் தேடவும் கோப்புகளைப் பகிரவும் வசதி செய்து மென்பொருள் குழுக்களின் மனத்தைக் கவர்ந்தது. அதே ஸ்லாக், 2018 மே மாதம் ஐ.ஆர்.சி. வழியாக உள்ளே வரும் வாயிலை மூடியது. 2022 செப்டெம்பரிலிருந்து இலவசப் பாவனையாளருக்கு 90 நாட்களுக்கு முந்திய செய்திகளைக் காட்டாமல் நிறுத்தியது. 2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை அழிக்கவும் முற்பட்டது. வியாபார ஸ்தாபனமொன்று தன் விதிகளை மாற்றிக்கொள்வது அதன் உரிமை. ஆனால் ஒரு பிழை ஏன் ஏற்பட்டது, ஒரு தீர்மானம் எக்காரணத்தால் எடுக்கப்பட்டது என்ற விளக்கங்களெல்லாம் அந்தப் பேச்சினுள்ளேதான் புதைந்து கிடக்கின்றன. அப்பேச்சைப் பதிந்த ஏட்டைப் பிறர் கையில் ஒப்படைத்த குழு, தன் அனுபவத்தையும் அவர் தயவிலே விட்டதாகும்.

இலங்கையில் வாழ்வோருக்கு, பிறர் கையை நம்பியிருக்கும் இந்த அபாயம் வெறும் கற்பனையன்று. 2018 மார்ச்சில் கண்டியில் வன்செயல் மூண்ட வேளையிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இரையான 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளை அடுத்தும், பொருளாதார நெருக்கடியால் எதிர்ப்பு மூண்ட 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும், பேஸ்புக், வட்ஸ்அப் முதலிய சேவைகளை அரசாங்கம் தடைசெய்தது. உறவினரின் நலமறிய மக்கள் துடித்த நேரமும் அவை மௌனமான நேரமும் ஒன்றாயிருந்தன. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்னும் மிதவைப் படகு ஓடாத நாளில், நம்மவர் களுவாஞ்சிகுடி சென்று பட்டிருப்புப் பாலத்தால் சுற்றியாவது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை சேர்வார்கள். ஒரே ஸ்தாபனத்தின் சேவையை மட்டும் நம்பிய குழுவுக்கு அத்தகைய சுற்றுவழி கிடையாது.

பிரதிகள் பரவிய அறை

சுற்றுவழியை அமைப்பிலேயே கொண்டு பிறந்தது, 2014இல் ஆரம்பமான மாட்ரிக்ஸ் நெறிமுறை. இதில் ஓர் அறையின் வரலாறு ஒரு வழங்கியில் மாத்திரம் தங்குவதில்லை. அந்த அறையில் அங்கத்தவரைக் கொண்ட ஒவ்வொரு வழங்கியும் தனக்கென ஒரு பிரதியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் தனக்கு முந்திய செய்தி எதுவென்று சுட்டும் அடையாளத்தைச் சுமந்து செல்வதால், மட்டக்களப்பிலுள்ள வழங்கியும் ரொறன்ரோவிலுள்ள வழங்கியும் தொடர்பறுந்து தனித்தனியே பேச்சைச் சேர்த்துக்கொண்டாலும், தொடர்பு மீண்டவுடன் இரு கிளைகளையும் ஒரு வரலாறாகப் பின்னிவிட முடிகிறது. மோசில்லா 2020 மார்ச்சில் தன் ஐ.ஆர்.சி. வழங்கியை மூடி இங்கு வந்தது. பிரெஞ்சு அரசாங்கம் தன் உத்தியோகத்தருக்கான உரையாடற் செயலியை இதன்மேல் அமைத்தது. குறைகளும் இல்லாமலில்லை: வழங்கியை நடத்தக் கணினிச் சக்தி மிகுதியாக வேண்டும்; மறைகுறியாக்கம் செய்த அறையில் சாவியைத் தொலைத்தவர் பழைய செய்திகளைப் படிக்க இயலாது.

மென்பொருள் குழுவுக்கோ நேர வேறுபாட்டின் பிரச்சினை இக்குறைகளினும் பெரிது. கோடைகாலத்தில் மண்டூரில் காலை ஏழு மணியாகும்போது இலண்டனில் அதிகாலை இரண்டரை. ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. இப்படிப்பட்ட குழுவில், விடிந்தெழுந்தவர் நூற்றுக்கணக்கான செய்திகளைத் துழாவித் தமக்குரிய கேள்வியைத் தேட வேண்டியிருந்தால், பாதி நாள் அதிலேயே கழிந்துவிடும். ஒவ்வொரு செய்தியையும் ஒரு தலைப்பின் கீழ் எழுதச் செய்யும் ஸுலிப், இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கென்றே அமைந்தது. 2015இல் திறமூலமாக்கப்பட்ட அதைச் சொந்த வழங்கியிலும் நிறுவிக்கொள்ளலாம். மட்டமோஸ்ட் என்னும் குழு உரையாடற் செயலியும் சொந்த வழங்கியில் நடத்தத்தக்கதே.

வட்ஸ்அப்பை இகழ்வது என் நோக்கமன்று. 2016 முதல் அதன் செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டுச் செல்கின்றன. மெலிந்த இணைப்பிலும் அது இயங்குகிறது. ஊரில் ஒரு மரணச் செய்தியையோ கோயில் உற்சவ அறிவித்தலையோ அதைவிட விரைவாகக் கொண்டுசேர்க்கும் சாதனம் வேறில்லை. ஆனால் அந்நியர் பலர் கூடும் சமூகத்தில், ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கத்தையும் மற்றவர் பார்க்கக்கூடிய நிலைமை, முக்கியமாகப் பெண்களுக்கு, பெரும் இடைஞ்சலாகும். ஒரு குழுவில் 1,024 பேர் என்ற வரம்பும் உண்டு. தென்காசியிலும் பணிமனை வைத்திருக்கும் சோஹோ நிறுவனம் வெளியிட்டு, 2025இல் இந்தியாவில் திடீரெனப் பரவிய ‘அரட்டை’யையும் தமிழ்ப் பெயர் என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ளாமல், இதே அளவுகோலால் அளப்பதே முறை.

ஆகவே என் தீர்ப்பு இது. அவசர அறிவித்தலுக்கு வட்ஸ்அப் இருக்கட்டும். பொதுச் சமூகத்தின் நீடித்த பேச்சுக்கு மாட்ரிக்ஸ் போன்ற திறந்த நெறிமுறையும், மென்பொருள் குழுவின் தினசரி வேலைக்கு ஸுலிப் போன்ற தலைப்பொழுங்குள்ள திறமூலச் செயலியும் உத்தமம். எதைத் தெரிந்தெடுத்தாலும், புதிய குழுவுக்குப் பெயர் சூட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நமது பேச்சின் பிரதி யார் கையில் இருக்கிறது? நாம் விலக விரும்பும் நாளில் அதை முழுமையாக எடுத்துச் செல்ல முடியுமா? இந்த வழி அடைபட்டால் அடுத்து எங்கே கூடுவது என்பதை அங்கத்தவர் யாவரும் அறிவார்களா? மாதத்துக்கு ஒருமுறை உரையாடலைப் பிரதியெடுத்துச் சேமிக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள். நமது ஏடு நமது கையில் இருந்தால், எந்த நிறுவனம் எந்த விதியை மாற்றினாலும் நம் சமூகம் கலையாது.