கோடை முன்னறிவிப்பும் நம் தர்மபுரியும்

பிப்ரவரி கடைசி வாரம் வந்துவிட்டால் ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்களின் பேச்சில் வெயில்தான் முதலில் வருகிறது. "இந்த வருஷம் ரொம்ப அதிகமாம், டிவியில் சொன்னான்" என்பார் ஒருவர். "போன வருஷமும் இதைத்தான் சொன்னான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே அறிவிப்பைத்தான் கேட்டிருப்பார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரிந்திருந்தால் வீட்டுக்கும் தொழிலுக்கும் உதவும்.

மார்ச் முதல் மே வரையிலான கோடைக் கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி இறுதியை ஒட்டி வெளியிடுகிறது. பிறகு அடுத்த மாதங்களுக்குப் புதுப்பிக்கிறது. அது எந்தத் தேதியில் எத்தனை டிகிரி என்று சொல்வதில்லை. வழக்கத்தை விடக் குறைவு, வழக்கம் போல, வழக்கத்தை விட அதிகம் என்ற மூன்றில் எதற்கு வாய்ப்பு கூடுதல் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே "அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு" என்று வந்த வருடத்திலும் பத்து நாள் இதமாக இருக்கலாம். வெளியூர் வேலை, கல்யாணம் போன்றவற்றுக்குத் தேதி பார்க்க அது பயன்படாது. அதற்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் தரும் மாவட்ட எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை.

'வெப்ப அலை' என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்ட வேண்டும். கூடவே அந்த நாளின் வழக்கமான அளவை விட 4.5 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் உச்சம் 36, 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். எனவே 39 டிகிரி வெயிலில் நாம் வாடினாலும் வெப்ப அலை என்று அறிவிப்பு வராது. அறிவிப்பு வரவில்லையே என்று வயதானவர்களை நண்பகலில் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது. 2024 ஏப்ரல் இறுதியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அக்னி நட்சத்திரத்தை எண்ணி மே 4-ஆம் தேதிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சூரியன் தர்மபுரிக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 22-ஐ ஒட்டித்தான். மே மாதம் கோடை மழை பெய்தால் வெயில் தணிந்துவிடுகிறது. பல ஆண்டுகளில் ஏப்ரல் பின்பாதியே கடுமை. வத்தல்மலையும் சித்தேரியும் உயரத்தால் சில டிகிரி குறைவாக இருக்கும். அங்கே உறவினர் வீடு உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

கோடை மழைக்குக் காரணம் பகல் வெப்பமே. சூடான காற்று மேலெழும்பும்போது கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும் சேர்ந்தால் பிற்பகலில் இடியும் சூறைக்காற்றும் வரும். பென்னாகரத்தில் கொட்டும், தர்மபுரியில் தூறல்கூட இருக்காது. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நம் வியாபாரிகளுக்கு இந்தக் காற்றுதான் பயம். ஒரு மாலைப் பொழுதில் காய் எல்லாம் கீழே கிடக்கும். புளியைக் காயப்போட்டிருப்பவர்கள் மதியம் மேற்கே மேகம் திரள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னல் அருகில் விழும் வாய்ப்பைச் சொல்ல 'தாமினி' என்ற செயலி இருக்கிறது; ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் வீட்டில் ஒரு போனிலாவது அது இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட நமக்குப் பெரிய கவலை தண்ணீர். நம் மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோடையில் குழாய்த் தண்ணீர் முறை தள்ளிப்போனால் வீட்டு போர்வெல் நீரையே குடித்துவிடுகிறோம். அதுவும் வெயில் காலத்தில் இரு மடங்கு குடிக்கிறோம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிதான் சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் வற்றுவதால் அளவு சற்றுக் கூடவே செய்யும். பற்களில் காவிக் கறை விழுவது சிறுபிள்ளைகளுக்கே. ஆகவே ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க, ஒளூ செய்ய போர்வெல் நீர் போதும்.

தகரம் அல்லது சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் நாள் முழுதும் புளி தட்டும் பெண்களை யாரும் வெயிலில் உழைப்பவர்களாக நினைப்பதில்லை. நம் ஊர் வெப்பம் வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். யாராவது உடல் கொதித்து, பேச்சுக் குழறி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.