தட்டட்டியில் ஒரு தொட்டி

முக்கியமான விஷயம் எதுவானாலும் திருநெல்வேலிக்காரன் அதை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் பேசுவான். கல்யாண சம்பந்தமா, பாகப் பிரிவினையா, ஆபீஸ் பாலிடிக்ஸா... எல்லாம் சோப்பு போடும்போதுதான் வெளியே வரும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறையில் குளித்துக்கொண்டிருந்தபோது என் நண்பன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காதருகே வந்தான்.

"ஏல... ஒரு செடி வளக்கலாம்னு இருக்கேன்."

"நல்ல விஷயம்தானே! ரோஜாவா?"

"இல்லல..." குரலை இன்னும் தாழ்த்தினான். "கஞ்சா."

நான் முங்கினேன். வெளியே வர மனசில்லை. மூச்சு முட்டியதால் வந்தேன்.

நண்பனைப் பற்றி இரண்டு வரி. வயது முப்பத்திநாலு. ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் டிபன் பாக்ஸ், மாலையில் முறுக்கு, மாதக் கடைசியில் என்னிடம் ஐந்நூறு ரூபாய் கைமாற்று. இதைத் தாண்டி எந்தக் குற்றமும் செய்யாதவன். பெயர் வேண்டாம், 'தட்டட்டி' என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். செடி வைக்க அவன் தேர்ந்தெடுத்த இடமும் அதுதான்.

மணாலிக்கு டூர் போய்வந்த யாரோ ஒரு புண்ணியவான் நாலு விதைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறான். இவனும் பூந்தொட்டி, செம்மண், ஆட்டு எரு எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் போட்டுவிட்டான்.

"யோசிச்சுப் பாருல. கடையிலயா விக்கான்? கண்டவன்கிட்ட போய் வாங்கணும். போலீஸ் புடிப்பான். நம்ம வீட்ல நாமளே ஒரே ஒரு செடி வச்சா யாருக்குத் தெரியும்? அதான் சேஃப்பு!"

நான் பி.காம். படித்தவன். யார் எந்த யோசனை சொன்னாலும் மனசுக்குள் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு கிழித்துவிடுவேன். அன்று சாயங்காலமே ஒரு வக்கீல் நண்பரிடம் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி உட்கார்ந்தேன். உங்களிலும் சில தட்டட்டிகள் இருக்கலாம் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

புத்தகத்தின் பெயர் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம், 1985. சுருக்கமாக என்.டி.பி.எஸ். அதில் 20-வது பிரிவுதான் கஞ்சாவுக்கு.

ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு'. அதற்கு ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. பத்து வருடத்துக்குக் குறையாமல் இருபது வருடம் வரை. சரி, செடி வளர்த்தால்?

பத்து வருடம் வரை கடுங்காவல். கூடவே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எத்தனை செடி என்று சட்டம் கேட்கவில்லை. ஒன்றோ, ஒரு ஏக்கரோ, பிரிவு ஒன்றுதான். பொட்டலத்துக்கு 'சிறிய அளவு' உண்டு. செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது, ஆபத்து என்று பயந்து இவன் எதிலிருந்து தப்பிக்க நினைத்தானோ, அதைவிடப் பெரிய குழியைத் தன் வீட்டுக்குள்ளேயே தோண்ட, ஆட்டு எரு சகிதம் தயாராக இருந்திருக்கிறான்!

மறுநாள் டீக்கடையில் இதைச் சொன்னேன். தட்டட்டி லேசில் விடுகிற ஆளா?

"இலை கஞ்சா இல்லையாம்ல! சட்டத்திலயே இருக்குன்னாங்க. பூ வராம இலையை மட்டும் பறிச்சா?"

அரைகுறையாகக் கேட்டிருந்தாலும் பயல் கேட்டது சரிதான். 'கஞ்சா' என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கம், பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதி என்பதே. நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. ஆனால் வளர்ப்பதைத் தடுக்கும்போது சட்டம் 'கஞ்சா' என்று சொல்லவில்லை. 'கஞ்சாச் செடி' என்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியானாலும் கஞ்சாச் செடிதான். பூத்ததா, காய்த்ததா, நேற்று முளைத்ததா என்ற பேச்சே இல்லை.

"சித்தரே சொல்லியிருக்காரு. பொதிகை மலை அகத்தியர் ஊர்ல பொறந்துட்டு..."

"சித்த மருந்துல இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா மருந்துச் சட்ட விதிகள்ல அதை நச்சுப் பொருள் பட்டியல்ல வச்சிருக்கான். லைசென்ஸ் உள்ளவன் சுத்தி பண்ணி, அளவு பாத்து, மருந்தாச் செய்யணும். நீ அகத்தியரா? அரியர்ஸ் பில் போடுத குமாஸ்தா."

"வெள்ளைக்காரனே ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கானாம்ல?"

இதுவும் பாதி உண்மை. 1893-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த கேள்வியால் ஒரு கமிஷன் போட்டார்கள். இந்தியா முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் பெரிய அறிக்கை கொடுத்தது. மிதமாக உபயோகித்தால் பெரிய கெடுதல் இல்லை, மிஞ்சினால் கெடுதல், முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது. வெள்ளைக்காரனுக்கு வரி என்றால் வாயெல்லாம் பல்! ஆனால் அது 1894. நாம் இருப்பது 1985-ம் வருடச் சட்டத்துக்குக் கீழே. கமிஷன் அறிக்கையைக் காட்டி ஜாமீன் வாங்க முடியாது.

"ஜெர்மனில மூணு செடி வளக்கலாமாமே?"

வளர்க்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் அங்கே வயது வந்தவர்களுக்கு மூன்று செடி. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான இடங்களில் வீட்டுக்கு நாலு. தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்துவிட்டு, 2025-ல் பாதி சாத்திவிட்டது. நம் உத்தராகண்டிலேகூட 2018-ல் லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆனால் அது போதைச் சத்து மிகக் குறைந்த, நாருக்கும் விதைக்குமான சணல் வகை. பாளையங்கோட்டை எந்தக் கணக்கிலும் ஜெர்மனியில் வராது.

"இந்தச் சட்டம் சரியா?" என்று நீங்கள் கேட்கலாம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இரண்டு பக்கமும் நின்று வாதாடுகிற விஷயம் அது. வாதாடட்டும். ஆனால் சட்டம் மாறுகிறவரை தட்டட்டிக்கு வருகிற போலீஸ்காரர் வாதாட வருவதில்லை.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காலேஜில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர். நன்றாகக் கேரம் ஆடுவான். பரீட்சை முடிந்த ராத்திரி, சட்டைப் பையில் இரண்டு பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டான். சிறிய அளவுதான். பத்திரிகையில் நாலு வரி வந்தது. கேஸ் நாலு வருடம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் அவன் அப்பா நிற்பார். ரிட்டயரான வாத்தியார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. யாராவது பழைய மாணவர் கறுப்புக் கோட்டில் வந்துவிட்டால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது.

கடைசியில் விடுதலைதான். ஆனால் அதற்குள் துபாய் வேலை போயிற்று. கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட்டில் தனியாக அனுமதி வாங்கவேண்டும். அரசு ஊழியர் என்றால் இன்னும் விசேஷம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதாகக் கணக்கு. தனியாக யாரும் கையெழுத்துப் போட்டு வரவேண்டாம்.

இத்தனையும் சொன்னேன். தட்டட்டி டீ கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மசிகிற மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"உங்க வீட்டுச் செடிக்கெல்லாம் யாருல தண்ணி ஊத்துதா?"

"அப்பாதான். காலைல அஞ்சரைக்கே எந்திச்சு குடத்தைத் தூக்கிட்டு ஏறிருவாரு. ஏன்?"

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்ல."

"தெரிஞ்சே வீட்டை விட்டுக் கொடுத்தா, வீட்டுக்காரருக்கும் அதே தண்டனைன்னு 25-வது பிரிவு சொல்லுது."

"அப்பாவுக்கு அது என்ன செடின்னே தெரியாதுல!"

"அதைத்தான் நானும் சொல்லுதேன். அது கஞ்சான்னு அவருக்குத் தெரியாது. மத்த செடிக்கு ஊத்துத மாதிரி அதுக்கும் ஊத்துவாரு. ஒருநாள் காலைல அஞ்சு பேர் மாடி ஏறி வந்து, 'யாரு பெரியவரே இதை வளக்கிறது?'ன்னு கேப்பான். உங்கப்பா என்ன சொல்லுவாரு?"

தட்டட்டி வாயைத் திறக்கவில்லை.

"'நான்தான் சார் தண்ணி ஊத்துதேன்'ம்பாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தெரியாதுங்கிறதை அதுக்கப்புறம் அவர்தான் கோர்ட்ல நிரூபிக்கணும். அறுபத்தெட்டு வயசுல."

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். சரித்திரத்தில் முதல் தடவை.

அன்று ராத்திரி போன் செய்தான். விதைகளை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூக்கம் வரமாட்டேங்குது மக்கா. ஆறு மாசமாவே. அதுக்காகத்தான் யோசிச்சேன்" என்றான்.

பாருங்கள், இத்தனை நாள் சட்டம் பேசினேனே தவிர, 'ஏன்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸில் ஒரு மேலதிகாரி, வீட்டில் ஒரு கடன், நடுவில் இவன். மறுவாரம் ஒரு மனநல டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். வெயிட்டிங் ஹாலில் எங்களைப் போலவே டிபன் பாக்ஸோடு ஏழெட்டுப் பேர். இப்போது தூங்குகிறான். குறட்டை பற்றி அவன் மனைவி புகார் சொல்கிறாள்.

ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு ஒரு செய்தி. அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உபயோகித்தவர், அல்லது சிறிய அளவோடு பிடிபட்டவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. 14446 என்ற இலவச போன் நம்பரில் ஆலோசனை கிடைக்கும். செடி வளர்த்தவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கின தொட்டி? ஆட்டு எரு?

திருநெல்வேலி பெயரைச் சுமந்துகொண்டு உலக மருந்துக் கடைகளில் இருக்கும் இலை ஒன்று உண்டு. அல்வா இல்லை சார், இலை! 'தின்னவேலி சென்னா' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த நிலாவாரை. சாத்தான்குளம் பக்கம் விவசாயிகள் அவுரி என்பார்கள். சாயம் எடுக்கும் நீல அவுரி வேறு. பூர்வீகம் அரேபியப் பக்கம். நம் வறண்ட பூமி அதற்குப் பிடித்துப்போய் தங்கிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறுகிறது. உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய காலைப் பொழுது நம் ஜில்லாவின் தயவில் சுமுகமாகக் கழிகிறது. மலச்சிக்கல் மருந்து, ஐயா!

வளர்ப்பதும் சுலபம். விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றவேண்டும். நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், எனவே தொட்டியின் அடியில் ஓட்டை முக்கியம். இரண்டு, மூன்று மாதத்தில் இலை நீலம் பாய்ந்த பச்சையில் முற்றும்போது பறிக்கலாம். பதப்படுத்துவதில்தான் சூட்சுமம். வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிட்டு, சருகாக நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவேண்டும்.

ஆனால் இதுவும் மருந்துதான், மிக்சர் இல்லை. கர்ப்பிணிகள், குழந்தைகள், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் உடம்பில் உப்புச் சத்து குறையும், குடல் சோம்பேறியாகும். எங்களுக்குத்தான் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டட்டியில் மூன்று தொட்டி நிறைய நிலாவாரை. மஞ்சள் மஞ்சளாகப் பூ. அவன் அப்பா குடத்தோடு நின்றார்.

"பாத்தியா தம்பி... எம் மகன் கொண்டாந்து வச்ச செடி! தெருவுல யார் கேட்டாலும் நான்தான் வளக்கேன்னு தைரியமாச் சொல்லுவேன்."

தட்டட்டி என் முகத்தைப் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு சின்னப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்தார். பேருந்தில் வரும்போது இரண்டு போலீஸ்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை.

பயமெல்லாம் மறுநாள் காலைதான்... வைத்தியர் சொன்ன அளவை மறந்துவிட்டேன்!