நெருப்பின் கணக்கு – 9: ஆடிக்காற்றும் சருகுத் தீயும்

விருதுநகர் பக்கத்து ஆனைக்குட்டம் அணையில் தேங்குவது அர்ச்சுனா நதித் தண்ணீர். அந்த நதிக்கு ஓடைகளை இறக்கிவிடும் மேற்கு மலைதான் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அங்கே தீப்பிடித்தால் ‘மலை எரியுது’ என்கிறோம். பெரும்பாலும் எரிவது மரமல்ல. மரத்தடியில் கிடக்கும் சருகும் புல்லும்தான். கலிபோர்னியாவில் மர உச்சிக்கு உச்சி தாவுவதாக டி.வி.யில் காட்டுகிறார்களே, அந்தத் தீ இங்கே அபூர்வம். நம்முடையது தரையோடு தரையாக ஓடுவது.

சின்னத் தீதானே என்று இளக்காரம் வேண்டாம். அமேசான் காட்டில் மார்க் காக்ரேன் குழு ஆராய்ந்து 1999-ல் எழுதியது இது: கணுக்கால் உயரத்துக்கு மெல்ல ஊர்ந்து போகும் தீயே பட்டை மெலிந்த மரங்களைக் கொன்றுவிடுகிறது. நிழல் போய் வெயில் உள்ளே இறங்குகிறது, சருகு காய்கிறது, அடுத்த தீ முந்தையதைவிட மூர்க்கமாக வருகிறது.

இந்தத் தீ அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும்? இதற்கான அடிப்படைச் சமன்பாட்டை 1972-ல் வெளியிட்டவர் அமெரிக்க வனத்துறையின் ரிச்சர்ட் ராதர்மெல். எரியும் சருகு பக்கத்துச் சருகுக்கு எவ்வளவு வெப்பம் தருகிறது, அது பற்றிக்கொள்ள எவ்வளவு வேண்டும்? முன்னதைப் பின்னதால் வகுத்தால் தீயின் வேகம். காற்று, சரிவு, ஈரம் எல்லாம் இந்த வகுத்தலுக்குள் வந்துவிடும். ஈரம் 25, 30 சதவீதத்தைத் தாண்டினால் சருகுத் தீ பெரும்பாலும் நகராமல் அணைந்துவிடும்.

இன்னொரு வழி, காட்டின் வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரிப்பது. எரியக்கூடிய கட்டங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன, தீ ஒட்டியுள்ள நான்கு கட்டங்களுக்கு மட்டுமே தாவும் என்று வைத்துக்கொள்வோம். எரியக்கூடிய கட்டங்கள் நூற்றுக்கு 59-க்குக் கீழே இருக்கும்வரை தீ ஏதாவது ஒரு மூலையில் முடங்கிவிடும். அதைத் தாண்டினால் காட்டைக் குறுக்கே கடக்க அதற்கு வழி கிடைத்துவிடும். வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், பட்டாசு ஆலையில் அறைக்கு அறை இடைவெளி விடுவதும் இந்த வழியை அறுக்கத்தான். (ஆலையின் லைசென்ஸில் இருப்பதும் வேலை நேரத்தில் நடப்பதும் ஒன்றா என்பது தனி அத்தியாயம்.)

சரிவுதான் கொடியது. மேலேறும் தீயின் நாக்கு மலையோடு சாய்ந்து, தொடுவதற்கு முன்பே மேலே உள்ள புல்லைக் காய்ச்சிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது காய்ந்த புல்லில் பரவிய தீ.

விருதுநகர் பக்கத்து மலைக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைக் கேரளத்தில் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும். அதனால் தீக்காலம் கோடையோடு முடிவதில்லை. 2023 ஜூலையில், ஆடி அமாவாசை நேரத்தில், சதுரகிரி மலைப்பகுதியில் தீப்பிடித்து பக்தர்கள் தவித்தார்கள். சரிவு தீயை மேலே இழுக்கிறது. ஆடிக்காற்று கீழே தள்ளுகிறது. எது ஜெயிக்கும் என்பது ஒவ்வொரு மடுவுக்கும் ஒவ்வொரு விதம். கம்ப்யூட்டர் தேவைப்படுவதே இங்குதான்.

கம்ப்யூட்டருக்குப் போடும் தீனியான தகவல்தான் போதவில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. இப்போது அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர். எங்கே எரிகிறது என்று அது சொல்லும். மரத்தடியில் சருகு எத்தனை விரல் கனம், எவ்வளவு ஈரம் என்று சொல்லாது. அதை அறிய ஒரு மீட்டர் சதுரத்துச் சருகை அள்ளி, எடை போட்டு, உலர் அடுப்பில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடை போட வேண்டும். எந்தச் சரிவில் உண்ணிச்செடி மண்டியிருக்கிறது, எந்த ஓடை தை மாதமே வற்றிப்போனது என்பதெல்லாம் கோடையில் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்களுக்கு அத்துபடி. அவர்களை ஆண்டு முழுக்க வேலையில் வைத்து, ஆளுக்கு ஒரு தராசும் நோட்டும் கொடுப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

(தொடரும்)